தொட்டிக்கு மேலே உட்கார்ந்திருந்தவள்

புருஷன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஆள் நகரவில்லை. அடுக்குமாடிக் காவலாளி ஓடிவந்து கைகொடுத்த பிறகுதான் அவன் தண்ணீர்த் தொட்டியின் வாய் வழியாக மொட்டைமாடியில் வந்து விழுந்தான். கண் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

“ப்ளீச்சிங் பவுடர் நெடி ஏறிடுச்சா? என்னைத் தெரியுதா?”

“தெரியுது. எல்லாமே தெரியுது,” என்றான். அப்புறம் அழுதான்.

கல்யாணமானதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் தொட்டி கழுவுகிறார்கள். அவன் உள்ளே இறங்கித் தேய்ப்பான். அவள் வாயருகே உட்கார்ந்து அழுக்குத் தண்ணீர் வாளியை வாங்கிக் கொட்டுவாள். தேய்க்கும்போது நடுநடுவே பிரஷ் கட்டையால் சுவரில் தட்டுவான். உயிரோடுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். தட்டல் நின்றால் அவள் குரல் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடவுளைக் கூப்பிடுவது. பாவாடை கட்டிய வயதில் தொடங்கியது. விடியுமுன் எழுந்து சுவரைப் பார்த்து உட்காருவாள். பட்டினி கிடப்பாள். ஒரே ஒரு தடவை, ஒரு கீற்று, ஒரு சிலிர்ப்பு வந்தால் போதும். முழங்கால் வலிதான் வந்தது. புருஷனிடம் இதற்கு ஒரே பதில்: “இருந்தா வரட்டுமே. கதவு தெறந்துதானே கெடக்கு.”

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் சாயங்காலமே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, என்னத்தப் பாத்தே? சொல்லேன்.”

“பாக்கல. நான்னு ஒருத்தனே இல்ல. தொட்டி, பிரஷ், அழுக்கு, எல்லாம் ஒண்ணாயிருச்சு. யாரோ என் மேல அவ்வளவு பிரியமா இருந்தாங்க. யாருன்னு தெரியல.”

“சாமிதான்!”

“நான் அப்பிடிச் சொல்லலையே.”

நாத்தனார் இவள் பக்கம் திரும்பினாள். “நீங்க வாசல்லயே தவம் கெடந்தீங்க அண்ணி. அவரு கொல்லைப்பக்கமா வந்து அண்ணனப் பாத்துட்டுப் போயிட்டாரு.”

“சாப்பிடறதுன்னா தட்ட எடு. இல்லன்னா கிளம்பு.”

வயிறு எரிந்தது. அவன் இன்னொருத்தியைக் கூட்டிவந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். இதில் யார் தலைமயிரைப் பிடிப்பது? கேட்டவள் மேலே உட்கார்ந்திருக்க, கேட்காதவனிடம் போய் இறங்கியிருக்கிறது. கொடுத்தவர் பேர்கூட அவனுக்கு வேண்டாமாம்.

நாத்தனார் போன பிறகு சொன்னாள்: “அது வெறும் நெடிங்க. மூளைக்குக் காத்து போகலன்னா அப்பிடித்தான் என்னமாவது தோணும்.”

“இருக்கலாம்,” என்றான். வழக்கம்போல் மல்லுக்கு நிற்கவில்லை. “ஆனா மயக்கம்னா தட்டல் நின்னிருக்குமே. நீ கூப்பிடலையே?”

குற்றமாகக் கேட்கவில்லை. யோசித்துத்தான் கேட்டான்.

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவன் தொட்டிக்குள் இருந்த அந்த நேரம் அவள் கண்ணை மூடியிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஏதோ நெருங்கி வருவதுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூச்சைப் பிடித்திருந்தாள். கண்ணைத் திறந்தபோது கீழே சத்தமே இல்லை. எப்போது நின்றது என்று தெரியாது. நெடிதான் என்றால் புருஷனைச் சாகக் கொடுக்க இருந்தவள் அவள். நெடி இல்லை என்றால் கடவுள் அவளைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறார்.

“நெடிதான்,” என்றாள். “நான் கண்ண மூடிட்டிருந்தேன். தட்டல் நின்னதக் கவனிக்கவே இல்ல.”

“அப்பிடியா?” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “சரி விடு. அதனால என்ன?”

மொட்டைமாடியில் பார்த்த அதே சிரிப்பு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத் தொட்டி. அவனுக்கு இன்னும் தலை கனமாக இருந்ததால் அவள் இறங்கினாள். பவுடரை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரைத்தாள். மூலைகளைத் தேய்த்தாள். தட்டினாள். பாதியில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். உடனே அவன் தலை உள்ளே வந்து வெளிச்சத்தை மறைத்தது.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.”

மறுபடி தட்டினாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. தொட்டியில் தண்ணீர் விட்டார்கள்.