மூன்றாம் வளைவில் அணையும் வண்டி

சூரியநெல்லி முக்கில் பழைய டயர் தொங்கும் தகரக் கொட்டகைக்குச் சொந்தக்காரரான சுடலைமணிக்கு ஒரே ஒரு வார்த்தை ஆகாது. 'தானா சரியாயிருச்சு' என்கிற வார்த்தைதான் அது. நேற்று வழியில் நின்றது, இன்றைக்குத் தானா சரியாயிருச்சு என்று எவனாவது வந்து சிரித்தால் அவருக்கு முகம் கடுகடுத்துவிடும். சரியாகவெல்லாம் ஆகவில்லை, உள்ளே உட்கார்ந்துகொண்டு சமயம் பார்க்கிறது என்பார். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கோளாறு அகப்படும் வரை வண்டியைக் கொடுக்க மாட்டார். அகப்பட்டதும் அந்தக் கெட்ட சாமானை, அது ஒரு கறுத்த பிளக்கோ அறுந்த ஒயரோ, வண்டிக்காரன் உள்ளங்கையில் வைத்து, 'இதுதான்' என்று காட்டினால்தான் அவருக்கு அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. இந்தப் பிடிவாதத்துக்குப் பயந்தே பாதிப் பேர் சின்னக்கானலுக்குப் போய் ரிப்பேர் பார்த்துக்கொள்வார்கள்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தேயிலை ஃபேக்டரியில் பதினேழு வருஷம் ஃபிட்டராக இருந்து, ஆள்குறைப்பில் வெளியே வந்து, கையோடு இருந்த ஸ்பானர்களை வைத்துக் கொட்டகை போட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபோது அவருக்கு இருபத்திரண்டு, தங்கை மாரீஸ்வரிக்குப் பன்னிரண்டு. அவளைப் படிக்கவைத்து ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதற்குள் காதோரம் நரைத்துவிட்டது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தங்கையும் தங்கை வீட்டுக்காரன் ஈஸ்வரனும்தான் அவருக்கு உலகம்.

அந்த ஈஸ்வரனுடைய வண்டிதான் இப்போது அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

ஈஸ்வரனுக்கு மலைக்குக் கீழே ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை. ஏழு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். முதல் ஜீப் எட்டு மணிக்குத்தான் என்பதால், தன் பழைய நூறு சிசி வண்டியில் ஆறரைக்குக் கிளம்புவான். யூக்கலிப்டஸ் காட்டுக்குள் இறங்கும் அந்த ரோட்டில் மூன்று கொண்டைவளைவுகள். இரண்டு வாரத்தில் நான்கு முறை வண்டி மூன்றாம் வளைவில் அணைந்துவிட்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை. யாரோ கையை நீட்டிச் சாவியைத் திருப்பியது போலச் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் தள்ளி, உருட்டி, உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

வேறு ரோடாக இருந்தால் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அந்த வளைவுக்குக் கீழேதான் அந்த மாதம் முழுக்கப் 'பெரியவர்' நின்றார். அங்கே யாரும் யானை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடுமாம். வனக் காவலராக இருந்த ஜிபி தினமும் விடிகாலையில் வாட்ஸ்அப் குழுவில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மலையாளத்தில் போடுவான். மூடுபனி இறங்கிவிட்டால் ஜிபிக்கும் தெரியாது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து நடந்து வந்த சுடலைமணியின் அப்பா செத்ததும் அதே மூன்றாம் வளைவில்தான். அதை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

முதல் முறை வண்டி வந்தபோதே சுடலைமணி வழக்கமான கேள்வியைக் கேட்டார். வண்டியில் வேறு யாராவது கை வைத்தார்களா? ஈஸ்வரன் இல்லவே இல்லை என்றான். டீ கொண்டு வந்திருந்த மாரீஸ்வரி, காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு பேசாமல் போனாள்.

பிறகு அவர் தேட ஆரம்பித்தார். பிளக்கை மாற்றினார். பிளக் மூடியை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். பேட்டரி முனைகளைச் சுரண்டினார், காயிலை மாற்றினார், சாவித் துவாரத்தில் எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி கொட்டகையில் ஸ்டாண்டு போட்டு நின்றபடி ஒரு மணி நேரம் சீராக ஓடும். ஒவ்வொரு தடவையும் ஈஸ்வரன், தானா சரியாயிருச்சு மச்சான் என்பான். இவர் பல்லைக் கடித்துக்கொள்வார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதே வளைவில் அது மறுபடி அணையும்.

ஹெட்லைட்டை மட்டும் அவர் கழற்றவில்லை. தை மாதம் அவரே புதுக் கிண்ணம் மாட்டி, உள்ளே போகும் ஒயர்களையெல்லாம் அவரே சேர்த்து டேப் சுற்றியிருந்தார். தன் கை வேலையில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கெட்டிக்காரர்களுக்கு இந்த ஒரு நோய் உண்டு, சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

நான்காம் முறை ஈஸ்வரன் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். பனிக்குள் கிளை முறிகிற சத்தம் கேட்டதாம், வாடை அடித்ததாம். செருப்பு ஒன்றைக் காணோம். அதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். அடுத்த முறை ஓட நேரம் இருக்காது என்பது மாரீஸ்வரியையும் சேர்த்து அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

வெயில் ஏறியதும் ஜிபியோடு போய் வண்டியை எடுத்து வந்தவர், மறுநாள் அதே நேரத்தில், அதே ரோட்டில் வண்டியைத் தானே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ஈஸ்வரனை லீவு போடச் சொன்னார். மாரீஸ்வரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். போகவே கூடாது என்றாள். அவர் அசையாததைக் கண்டு கடைசியில் வழிவிட்டவள், விசித்திரமாக ஒன்று சொன்னாள்.

"போறதுன்னா இந்த வண்டியிலயே போண்ணே. என்ன ஆனாலும் வண்டிய விட்டு இறங்கிராத."

அவருக்கு அப்போது அது புரியவில்லை.

மூடுபனி அடர்ந்து கிடந்தது. முதல் வளைவு வலப்பக்கம், இரண்டாவதும் வலப்பக்கம். வண்டி சிணுங்காமல் போனது. மூன்றாவது வளைவு இடப்பக்கம், செங்குத்தான இறக்கம். முன் பிரேக்கை அழுத்தி ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்க ஒடித்தார். எஞ்சின் அணைந்தது.

காடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. முதலில் வளைவுக்கு அந்தப்புறம் இருந்ததைப் பாறை என்றுதான் எண்ணினார். பிறகு அந்தப் பாறையின் காது ஆடியது.

முப்பதடி தூரம் இருக்கும். பிரேக்கை விடாமல், ஹேண்டிலை அசைக்காமல் கிக்கரை உதைத்தார். ஒன்றும் இல்லை. காது ஆடுவது நின்றது. மறுபடி உதைத்தார். எஞ்சினில் உயிர் இருப்பதற்கான அடையாளமே இல்லை. அது ஓர் அடி முன்னால் வைத்தது. அப்பா இதே இடத்தில் என்ன நினைத்திருப்பார் என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கி ஓடலாம் என்று கால் துடித்தது. தங்கை சொன்னது காதில் விழுந்ததோ, பயத்தில் கால் வரவில்லையோ, அவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே காலால் தரையை உந்தி, வந்த வழியே திருப்புவதற்காக ஹேண்டிலை வலதுபக்கம் ஒடித்தார். மூன்றாம் உதைக்கு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. மேட்டில் ஏறும்போது பின்னால் பிளிறல் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டகைக்கு வந்து சேர்ந்து அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகுதான் மூளை வேலை செய்தது. இடது பக்கம் ஒடித்தபோது செத்தது, வலது பக்கம் ஒடித்தபோது பிழைத்தது. எழுந்து, இந்த முறை ஸ்டாண்டு போடாமல் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்து உடம்புப் பாரத்தை முன்னால் சாய்த்து, ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பினார். அணைந்தது. வலதுபக்கம் திருப்பி உதைத்தார். கிளம்பியது. இத்தனை நாளும் ஸ்டாண்டில், முன்சக்கரம் பாரமில்லாமல் தொங்கும்போது மட்டுமே சோதித்திருக்கிறார். ஆள் உட்கார்ந்து இறக்கத்தில் பிரேக் பிடித்தால்தான் முன்பக்கம் அமுங்கும், கேபிள்கள் மேலே நெட்டிக்கொண்டு ஒயர்களை ஹெட்லைட்டுக்குள் நசுக்கும். தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு ஹெட்லைட்டைக் கழற்றினார்.

ஒயர் கட்டுக்கு நடுவே, மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, சுருட்டிய செப்புத் தகடு ஒன்று செருகியிருந்தது. தாயத்து. அதன் விளிம்பு ஒரே ஒரு ஒயரின் தோலை அறுத்திருந்தது. அந்த ஒயருக்கு ஒரே வேலைதான், சாவியை மூடும்போது வண்டியின் இரும்பைத் தொட்டு எஞ்சினை நிறுத்துவது. தகடு ஒருபுறம் ஒயரையும் மறுபுறம் கிண்ணத்தின் இரும்பையும் தொடும்போதெல்லாம், உண்மையிலேயே சாவியை மூடியதுதான் நடந்தது. இரண்டு வாரமாக அவர் தேடிய கை அதுதான்.

வண்டியை விட்டு இறங்காதே என்று தங்கை சொன்னது இப்போது புரிந்தது. மாரீஸ்வரியை அழைத்து, அவள் கையில் அதை வைத்தார். அவருடைய வழக்கம் அது. வழக்கமாகச் சொல்கிற 'இதுதான்' மட்டும் வாயில் வரவில்லை.

அவள் மறுக்கவில்லை. போடியில் குறி சொல்லும் ஒரு கோடாங்கி கொடுத்ததாம். நாற்பத்தெட்டு நாள் ஒருவருக்கும் தெரியக்கூடாதாம், வாய்விட்டால் பலிக்காதாம். ஈஸ்வரன் கண்டால் கழற்றி எறிவான் என்று, அவன் குளிக்கப் போன நேரத்தில் அவளே திருகாணியைக் கழற்றிச் செருகியிருக்கிறாள். அண்ணன் வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஹெட்லைட் கழற்றத் தெரியாதா என்ன.

சுடலைமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்குமே பிள்ள. அவன் செத்திருப்பான். இன்னைக்கு நான் செத்திருப்பேன்."

"நீ திரும்பி வந்திருக்கேல்லண்ணே" என்றாள் அவள், தகட்டைப் பார்த்தபடி. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பாவுக்கும் இதே மாதிரி கட்டுனாங்க. உனக்கு ஞாபகம் இருக்கா? அம்மா லயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. கட்டியாச்சு, இனிப் பயமில்லன்னு. ஒம்பதாம் நாளு அப்பா போயிட்டாரு. நான் யாருகிட்டயும் சொல்லலண்ணே. உன்கிட்டகூடச் சொல்லல."

அவருக்கு ஞாபகம் இருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதும், அதன்பிறகு அவள் யாரிடமும் எதையும் சொல்லாமலே செத்ததும். பன்னிரண்டு வயதில் இதையெல்லாம் ஒரு பிள்ளை மனதில் முடிந்து வைத்திருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

தோல் அறுந்த ஒயரில் டேப் சுற்றினார். பிறகு சைக்கிள் டியூப் ஒரு துண்டு வெட்டி, தகட்டை அதற்குள் வைத்து இறுக்கிக் கட்டி, ஒயர் எதுவும் அண்டாத இடமாகப் பார்த்து, சீட்டுக்கடியில் செருகினார். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. டேப்போ தகடோ யானையை நிறுத்தாது என்பது அவருக்குத் தெரியும். எடுத்து எறியவும் கை வரவில்லை. மாரீஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் ஈஸ்வரன் வண்டியை எடுக்க வந்தான். கோளாறு என்ன என்று கேட்டுவிட்டு, வழக்கம் தெரிந்தவனாதலால் உள்ளங்கையை நீட்டினான். சுடலைமணி அந்தக் கையைப் பார்த்தார். நாற்பத்தெட்டு நாள் ஆக இன்னும் பதினாறு நாள் இருந்தது.

"தானா சரியாயிருச்சு மாப்ள" என்றார்.

ஈஸ்வரனின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. நீட்டிய கையை மடக்கவும் மறந்து, அவன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.