ஆறாவது நாற்காலி

மார்லிஸ் டோலெப்சன் யாரையும் நம்பமாட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியில் பின்னிருக்கைகளை நோட்டம்விட்டே அந்தக் குணம் வந்ததாகச் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. டிரேவர் கோல் என்பவன் குடித்துவிட்டுக் காரை ஓட்டி அவள் தம்பி லைலைக் கொன்றானே, அன்றைக்கு வந்தது. அவன் ஏற்கெனவே ஒரு வழக்கில் குற்றவாளி. சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விட்டிருந்தார் நீதிபதி ஓரின் லண்டீன்.

இவளைப் போய் கவர்னர் மாநிலத் தண்டனை ஆணையத்தில் பொதுமக்கள் சார்பில் உட்கார வைத்தார். எந்தக் குற்றத்துக்கு எத்தனை மாதம் என்று நீதிபதிகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கிற ஆணையம் அது. வந்து பார்த்தால், ஓய்வுபெற்ற ஓரின் லண்டீனும் அங்கே உறுப்பினர். வயிறு எரியாதா?

மொத்தம் பதினோரு பேர். ஆறு பேர் சேர்ந்து ஆணைய விஷயம் பேசினால் அது கூட்டம். கூட்டத்தை ஊரறியத்தான் நடத்த வேண்டும் என்பது சட்டம். அதனால் ஆணைய அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மேசைக்கு ஐந்து பேர்தான். ஆறாவதாக வருகிறவர் தனியாக உட்கார்ந்துகொள்வார். மாநிலத்தின் வடகோடியிலிருந்து பனியில் காரை உருட்டிக்கொண்டு வரும் மார்லிஸ்தான் எப்போதும் அந்த ஆறாவது ஆள்.

"சட்டமாம் சட்டம்! பஸ் ஓட்டுறவளைக் கழட்டிவிட நல்ல வழி" என்று பான்கேக்கைக் குத்திக் கிழிப்பாள். அந்த மேசையில் யாராவது சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் என்று அவளுக்குத் தோன்றும். ஓரின் குரலைத் தாழ்த்தினால் போச்சு, தூக்கம் கெட்டுவிடும்.

அந்த ஜனவரியில் அவளுக்கு உயிர்போகிற காரியம் ஒன்று இருந்தது. கண்காணிப்பில் இருக்கும்போது குற்றம் செய்தவர்களுக்குக் கூடுதலாகப் போட்டுவந்த மாதங்களை ஆணையம் நீக்கிவிட்டது. ஏற்கெனவே சிறைக்குள் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். உயிரைப் பறித்தவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது என்று மார்லிஸ் தீர்மானம் கொண்டுவந்தாள். அது தேறாவிட்டால் டிரேவர் அடுத்த பனிக்காலத்தில் வெளியே வந்துவிடுவான். ஆணையம் கூடுகிற அன்றே சட்டசபைக்கு அனுப்பக் கடைசி நாள். அவளோடு சேர்த்து ஐந்து ஓட்டு உறுதி. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும்.

கூட்டத்துக்கு முதல்நாளே வந்து விடுதியில் தங்கி, விடிந்ததும் அந்த மேசையில் இடம்பிடித்தாள். பேசுவதைக் காதால் கேட்டுவிடவேண்டும் அவளுக்கு. ஷெரிப் கார்டி உறைந்த ஏரியில் மீன் பிடித்த கதையை அளந்தார். ஆணையத் தலைவி பாட்ரீஸ் தன் நாய்க்கு நடந்த ஆபரேஷனைச் சொன்னாள்.

மார்லிஸுக்குப் பொறுக்கவில்லை. "நான் வந்ததும் மீனும் நாயுமா? என் தீர்மானத்தை என்ன பண்ணப் போறீங்க? யார் யார் கை தூக்குவீங்க?"

"மார்லிஸ், இங்க வேண்டாம்மா" என்றாள் பாட்ரீஸ்.

"ஏன், அஞ்சு பேர்தானே இருக்கோம்? சட்டம் எனக்கும் தெரியும்!"

"ஏம்மா, நான்தான் உன் பக்கம்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார் கார்டி, வாயில் முட்டையோடு.

முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஓரின் கோட்டிலிருந்த பனியைத் தட்டியபடி நின்றார். அந்த நிமிஷம் வாயை மூடியிருக்கலாம். மூடினாளா, பாவி!

"நீங்களும் சொல்லுங்க ஜட்ஜ்! அன்னைக்கு அவனை விட்டவர் நீங்கதானே? இன்னைக்கும் விடப் போறீங்களா?"

ஓரின் பதில் சொல்லாமல் போய்த் தனி மேசையில் உட்கார்ந்தார். காபியைத் தொடவேயில்லை.

கூட்டம் கூடியதும் பாட்ரீஸ் எழுந்தாள். "காலையில ஆறு பேர் இருக்கையில இந்தத் தீர்மானத்தைப் பத்திப் பேச்சு நடந்திருக்கு. முறைப்படி அறிவிக்காம நடந்த கூட்டம் அது. அதனால இன்னைக்கு இதை ஓட்டுக்கு விடமுடியாது."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்! யார் இதைக் கிளப்பினது?" என்று கத்தினாள் மார்லிஸ்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார் ஓரின்.

மார்லிஸ் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. கார்கள் நிற்குமிடத்தில் அவரை மறித்தாள். "ஜெயிச்சிட்டீங்கல்ல?"

"எது ஜெயிப்பு? என் ஓட்டு உங்களுக்குத்தான் இருந்துச்சு."

"பொய்!"

"அவனை வெளிய விட்டது நான்தான் மார்லிஸ். உங்க தம்பியை நினைக்காத நாள் கிடையாது எனக்கு. இன்னைக்குக் கை தூக்கணும்னுதான் வந்தேன்."

"அப்போ ஏன் கெடுத்தீங்க? வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே!"

"கடையில உக்காந்து எல்லாத்தையும் முடிவு பண்றோம்னு ரெண்டு வருஷமா எங்களைத் திட்டினது நீங்கதானே? அதையே எப்படிம்மா நான் செய்வேன்?"

இதுவும் நாடகமாக இருக்குமோ என்று மார்லிஸ் அவர் முகத்தையே பார்த்தாள். கிழவரின் கண் கலங்கியிருந்தது. ஐந்தோடு ஒன்று ஆறு என்று அப்போதுதான் உறைத்தது. தலையைக் காரில் மோதிக்கொள்ளலாம்போல இருந்தது.

அடுத்த பனிக்காலத்தில் டிரேவர் கோல் வீடு திரும்பினான். மார்லிஸின் பேருந்து தினமும் அவன் தெரு வழியாகத்தான் போகிறது.