கோபால்சாமியின் இடுப்பு

சென்ற ஐப்பசியில் காலமான கோபால்சாமியை, இடது காலை இழுத்து நடப்பவராகத்தான் ஊரில் இளையவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலையில் அவரைப் போலப் புளி உலுக்க ஆள் இல்லை. கிளை நுனிவரை போய், நின்றபடியே காலால் உதைத்து உலுக்குவார். கீழே அவர் மனைவி செல்லியம்மாளும் மற்ற பெண்களும் பழம் பொறுக்குவார்கள். மரம் ஏறுவது ஆண்கள் வேலை. ஏற முடியாதவன் பெண்களோடு சேர்ந்து பொறுக்க வேண்டியதுதான்.

1981 மாசியில் கிளை முறிந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பிலிருந்து கால்வரை வலி சுண்டி இழுத்தது. திருப்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே உடற்பயிற்சி சொல்லித்தரும் நீலாவதி அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை போல ஒன்று இருக்கிறது, அது பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றாள். அடிவயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கச் சொன்னாள்.

“வலி காலுக்கு இறங்கினா அதோட நிறுத்திடணும். புரியுதுங்களா?”

புரிந்தது. தலையாட்டினார்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார். புளி உலுக்க உதவிக்கு வந்த மைத்துனன் பழனி ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

“இன்னா மாமா, புள்ள பெத்தவளாட்டம் இடுப்பத் தூக்கினு கீறீங்க? பத்தியச் சோறு ஆக்கச் சொல்லட்டுமா அக்காவ?”

பழனி சிரித்தான். வாசலில் பழம் உடைத்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். கோபால்சாமியும் சிரித்துவைத்தார். அன்று சோறு இறங்கவில்லை.

அறுவடை முடிவதற்குள் மரம் ஏறிக் காட்ட வேண்டும். அது ஒன்றே மனதில் நின்றது. கோயிலைச் சுற்றி உருண்டு வருவதாக நேர்ந்துகொண்டவன், முதுகுத்தோல் உரிந்தாலும் பாதியில் எழமாட்டான். அவரே ஒருமுறை அப்படி உருண்டவர். வலியைத் தாங்கினால் பலன் உண்டு என்று அந்த உடம்புக்குப் பழக்கமிருந்தது. இதையும் ஒரு வேண்டுதல் போலச் செய்தார். வலி கெண்டைக்காலுக்கு இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். விரல்வரை போய் மரத்துப்போனது. குணமாகிறது என்று நினைத்து இன்னும் தூக்கினார். ஒரு காலையில் எழுந்தபோது இடது பாதம் மேலே வரவில்லை. நடக்கப் பார்த்தால் செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே செல்லியம்மாள் நீலாவதியைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாத்தான் நடந்துகினு இருந்தாரு. நீ இன்னாத்தயோ சொல்லிக்குடுத்து காலே பூடுச்சும்மா!”

சத்தம் கேட்டு வந்த டாக்டர், எல்லார் முன்னிலும் நீலாவதியைக் கடிந்துகொண்டார். அவள் கண் கலங்கியது. கோபால்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தெரியும். டாக்டர் திட்டி முடித்துப் போகும்வரை அது வாயில் வரவில்லை.

“அந்தம்மா நிறுத்தத்தான் சொன்னாங்க” என்றார் பிறகு. “நான்தான் நிறுத்தல.”

“ஏன்?” என்றாள் மனைவி.

“பழனி சிரிச்சான்.”

செல்லியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு சிரிப்புக்கா கால குடுத்த?”

நீலாவதி கீழே உட்கார்ந்து, அவர் குதிகாலைத் தன் கையில் ஏந்தி, விரலை மட்டும் அசைத்துப் பார்க்கச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பாதத்தில் அசைவு பாதிதான் திரும்பியது. அடுத்த மாசியில் பழனி மரத்தில் இருந்தான். கோபால்சாமி கீழே, பெண்களுக்கு நடுவில், கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, தள்ளிக்குங்க. உலுக்கப் போறேன்” என்று மேலிருந்து பழனி பதமாகச் சொன்னான். சட்டென்று எழ முடியாமல், உட்கார்ந்தபடியே நகர்ந்தார். பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். இந்த முறை யாருமே சிரிக்கவில்லை. அவர் துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பொறுக்கத் தொடங்கினார்.