சோற்றுப் பசை

பூமிக்குள் பாறைகள் ஏன் நகர்கின்றன, எந்த விசை அவற்றைத் தள்ளுகிறது என்று கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் இன்று என் பிழைப்பு. அளவெடுத்ததில் ஒரு புள்ளியை மாற்றி எழுதினாலும் மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். ஆனால் இந்தத் துறையில் நான் செய்த முதல் காரியமே திருட்டு வேலைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில், கொழுந்து பறிக்கிற அம்மாவின் பெயரில் எங்களுக்கு ஓர் அறை. அப்பா இல்லை. பக்கத்து வீட்டு அடுப்பு எங்கள் சுவருக்கு மறுபுறம் இருந்ததால் அந்தச் சுவர் வெகுநேரம் கதகதப்பாக இருக்கும். தை மாதக் குளிரில் அதை ஒட்டிப் படுப்பது என் தனி உரிமை.

ஒரு ஞாயிறு மதியம் பாத்திரங்கள் கடகடவென்று ஆடின. நில அதிர்வு. லயமே வெளியே ஓடியது. திரும்பி வந்து பார்த்தால், என் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

இரண்டு நாள் கழித்து ஜியாலஜி மேடம் ஒருவர் வந்தார். விரிசலின் குறுக்கே ஒரு தாளை ஒட்டித் தேதி எழுதினார்.

“அடியில பாறை தள்ளிட்டே இருக்கும், மோளே. நகம் வளருமில்லே, அவ்வளவு மெதுவா. தாளு கிழிஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். உடனே ஆபீஸ்ல சொல்லணும்.”

தினமும் பார்க்கும் பொறுப்பு எனக்கு. தலைகால் புரியவில்லை. அம்மாவின் முகம்தான் வாடிவிட்டது. சுவர் ஆபத்து என்றால் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு வண்டி கிடையாது, வழியெல்லாம் யானை. மார்ச் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் டவுன் விடுதியில் சேர்த்துக்கொள்வதாகக் கன்னியாஸ்திரிகள் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஒரே வாரத்தில் தாள் கிழிந்தது. பள்ளிக்கூடம் போய்விடுமே என்று எனக்கு அழுகை வந்தது. அம்மா கொழுந்துக்குப் போயிருந்தாள். பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கி, கிழிசலை இழுத்துச் சேர்த்தேன். ஓரங்கள் சேரவில்லை. நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து அடியில் கொடுத்து ஒட்டினேன். பூமியையே ஏமாற்றிவிட்ட திருப்தி.

அன்று சாயங்காலம் பாயை விரித்த அம்மா, அதை ஒரு சுற்றுத் திருப்பிப் போட்டாள்.

“ஏட்டி, இனிமே நீ வாசப்பக்கம் படு. எனக்கு இடுப்பு வலிக்கி, சூடு வேணும்.”

வாசல் பக்கம் கதவிடுக்கில் காற்று ஊசியாகக் குத்தியது. தன் கம்பளியையும் எடுத்து என்மேல் போட்டாள். அதற்கெல்லாம் நான் மசியவில்லை. சுவரை ஒட்டிப் படுத்திருந்தவளுக்கு முதுகைக் காட்டியே இரண்டு மாதம் தூங்கினேன். நடுவில் தாள் மறுபடி கிழிந்தது, மறுபடி ஒட்டினேன்.

பரீட்சை முடிந்த மறுநாள் காலை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

“சாரே, தாளு கிழிஞ்சு ரெண்டு மாசமாச்சு. வேற வீடு தாங்க.”

ஆபீசர் கத்தத் தொடங்கினார். அம்மா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். இவ்வளவு கச்சிதமாக ஒட்டியதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் என் கவலை.

அன்றே தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா மேல் டிவிஷனுக்கு மலையேறினாள். இடுப்பு வலி என்றவள் என்ன வேகமாக நடக்கிறாள் பார் என்று பின்னால் போன எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்லி என் கதகதப்பான இடத்தைப் பறித்துக்கொண்டாள் என்று, வழி நெடுக அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.