பாதி ஓட்டத்தில் ஒரு வணக்கம்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், அவன் பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவன் குடியேறியிருந்தான். அவனுக்கு என்ன தோன்றியதோ, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைக்கப்போவதாகச் சொல்லியனுப்பினான். முதலில் வருகிற பிள்ளைக்கு ஒரு பை அரிசி. மரவள்ளிக்கிழங்கே கதியென்று கிடந்த எங்கள் லயத்து வீடுகளில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை.

எனக்கு ஒன்பது வயது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டாத நாள் கிடையாது. அந்த அம்மா அப்போது பச்சை உடம்புக்காரி. தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிழங்கு தின்ற உடம்பில் பால் ஊறவில்லை. கஞ்சித் தண்ணீராவது புகட்டலாமென்றால் வீட்டில் அரிசியில்லை. அவன் அழுகை நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது. எனக்கோ, அப்பாடா, இப்போதெல்லாம் தம்பி அவ்வளவாக அழுவதில்லை என்று நிம்மதி.

கங்காணியாக இருந்த பெரியப்பா என்னைப் பழக்கக் கிளம்பிவிட்டார். ஆட்களை அதட்டியே பழகிய வாய். ரப்பர் மரங்களுக்கு நடுவே என்னை ஓடவிட்டுக் கையில் குச்சியோடு பின்னாலேயே வந்தார்.

"வாயத் தொறக்காத. கைய நல்லா வீசு. திரும்பிப் பாத்தே, தோல உரிச்சிருவேன்."

அப்பா மரவள்ளிக் கொல்லையில் களை கொத்தியபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சாயங்காலம் மட்டும் கேட்பார்: "ஓடறப்ப நல்லா இருந்துச்சா?" இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக வரும். பெரியப்பாவுக்கு இருக்கிற அக்கறை பெற்றவருக்கு இல்லையே என்று மனத்தாங்கல்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பெரியப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இந்தாடி, இத வெளையாட்டுன்னு நெனச்சுக்காத. வீட்டுல ஒன் தம்பி…"

அப்பா களைக்கொட்டைப் போட்டுவிட்டு வந்தார். அண்ணன் முன்னால் குரலை உயர்த்தாதவர். "அண்ணே, அத புள்ளகிட்ட சொல்லாதீங்க. புள்ள ஓடட்டும்" என்றார். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் திடலில் விசில் ஊதியதும் பறந்தேன். பெரியப்பா கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடிக் கத்தினார். என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லைக்கோடு தெரிந்தது, அதன் ஓரத்தில் அப்பா நின்றார். அந்த நேரம் பார்த்து, நாற்காலியில் இருந்த அதிகாரி எழுந்து கோட்டருகே வந்தான். ஜப்பான்காரனை எதிரே கண்டால் நின்று குனிந்து வணங்க வேண்டும். வணங்க மறந்ததற்காக அப்பா கன்னத்தில் வாங்கிய அறையைப் பெடாஸ் கடைத்தெருவில் பார்த்தவள் நான். கால்கள் தாமாகவே நின்றன. இடுப்பு வரை குனிந்தேன். நிமிர்வதற்குள் இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திடலே சிரித்தது. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்தியேடி, பாவி."

ஜெயித்த பையனின் தகப்பன் அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அது கண்ணை விட்டு மறையும் வரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் முன்னால் குந்தித் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"ஓடறப்ப நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுப்பா. பறக்கற மாதிரி இருந்துச்சு."

"அது போதும்" என்று என்னைத் தூக்கிக்கொண்டார். இவருக்குக் கோபம்கூட வராதா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே தம்பி போய்விட்டான். அப்பா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். தம்பியைப் பற்றி எப்போதாவது பேசுவார். நான் குனிந்து வணங்கிய கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் அவர் பேசிக் கேட்டதில்லை. இரண்டும் ஒரே கதை என்பது எனக்கு விளங்க, நானே ஒரு பிள்ளையைப் பெற்று அதற்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது.