அந்தோணி சாரின் பச்சை மை அட்டைகள்

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள், ஆனால் நடந்தது பட்டப்பகலில்.

திண்டுக்கல்லில் ஒரு நூலகத்தில் எனக்கு வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் அந்தோணி சார். வாசகர் எழுத்துப் பிழையோடு எதைக் கேட்டாலும், அந்தப் பிழையையே ஓர் அட்டையில் பச்சை மையால் எழுதி, கீழே 'பார்க்க' என்று போட்டுச் சரியான தலைப்பையும் எழுதி, பின்பக்கம் கேட்டவரின் பெயரையும் ஊரையும் குறித்து அடுக்கிவைப்பார். முட்டாள்களுக்கு இப்படி ஒரு சேவகம். அவர் இறந்ததும் கம்ப்யூட்டர் வந்தது, அட்டைகளை மூட்டை கட்டி நாகல் நகர் பழைய பேப்பர் கடையில் நானே போட்டுவிட்டு வந்தேன். கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து பிசகினாலும் 'பதிவு இல்லை' என்றுதான் வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்று வருடம் கழித்து, போன ஆடியில், கன்னிவாடியிலிருந்து செல்வி என்று ஒரு பெண் முதல் முறையாக வந்தாள். நில அளவைப் புத்தகம் வேண்டுமாம். 'நில அலவை' என்று தட்டினாள். பதிவு இல்லை.

"சார், செத்த பாருங்க. ஞாயித்துக்கெழம பரீட்ச. எனக்கு வயசு முடியுது, இதுதான் கடைசி."

"கம்ப்யூட்டர்ல இல்லைன்னா இல்லதாம்மா. கெளம்பு."

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ல, ள தெரியாதவளுக்கு அரசாங்க வேலை ஒரு கேடா என்றுதான் நினைத்தேன், மறைப்பானேன்.

"சார், என்னமோ வருதே" என்றாள். நம்பினால் நம்புங்கள், 'பதிவு இல்லை'க்குக் கீழே பச்சை எழுத்தில் 'பார்க்க: நில அளவை, சன்னலோரம், கீழ்த்தட்டு' என்று இருந்தது. கம்ப்யூட்டரில் அந்தத் தேடுகிற புரோகிராமைப் போட்டுக் கொடுத்த இன்ஜினியருக்கு போன் செய்தேன். "அப்படி ஒரு வசதியே அதுல கெடையாதே சார்" என்று சிரிக்கிறான், இவனெல்லாம் ஒரு இன்ஜினியர். அதற்குள் அவள் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்துவிட்டாள்.

பதிந்து கொடுப்பதற்காக விரித்தேன். உள்ளே பழுப்பேறிய அட்டை, அதே பச்சை மை. முன்னால் 'நில அலவை'. பின்னால் 'செல்வி, கன்னிவாடி'. பயந்துவிட்டேன், சொல்வதற்கென்ன.

அவள் பாஸாகி இப்போது தொப்பம்பட்டிப் பக்கம் நிலம் அளக்கிறாள். அது கிடக்கட்டும். அந்த அட்டையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் என் பெயர், என் ஊர். முன்பக்கம் 'பார்க்க' என்று மட்டும் இருந்தது, பிழை எழுதுகிற இடம் காலி. இப்போதெல்லாம் யார் எப்படித் தட்டினாலும் நானே எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால், அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.