பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

செந்தூல் அடுக்குமாடியில் இன்று பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடித்தார். எனக்குப் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸின் பலகைச் சுவர் ஞாபகம் வந்தது.

அப்பா கிறிஸ்தவரானதிலிருந்து அடுத்த வீட்டுப் பெரியப்பா எங்களோடு பேசுவதில்லை. மாலையில் அம்மா பைபிளை விரித்துச் சங்கீதம் வாசித்தால் சுவரைத் தட்டுவார். பகைவர்களைப் பற்றிக் கடவுளிடம் முறையிடும் சங்கீதமாகப் பார்த்து அம்மா இன்னும் சத்தமாக வாசிப்பாள்.

"பெரியப்பாவையாம்மா சொல்லுது?"

"அவரு பேரு அதில இல்லலா. பேசாம கேளு."

அம்மா காய்ச்சலில் படுத்த அன்று வாசிப்பு இல்லை. பெரியப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னடா, சத்தத்தையே காணோம்? யாருக்காச்சும் உடம்பு முடியலையா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அவர் போனதும் அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். இரண்டு வரிதான் வாசித்திருப்பேன், சுவர் தட்டப்பட்டது.

அம்மா படுத்தபடியே சிரித்தாள். "நிறுத்தாத. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."